பேர்ட்ஸ் குழுவும் எட்டு மைல் உயரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுபதுகளின் மேற்கத்திய இசையைப் பற்றிப் பேச்சு வந்தால் பீட்டில்ஸ், டிலன், ஹெண்ட்ரிக்ஸ் என்று போய்விடுவோம். நடுவில் பேர்ட்ஸ் என்ற பெயர் வந்தால் ‘டாம்பரின் மேன் பாடினவங்கதானே’ என்பதோடு முடிந்துவிடும். அந்தக் குழு 1965 கடைசியிலும் 1966 தொடக்கத்திலும் ஒரு காரியம் செய்தது: ‘எய்ட் மைல்ஸ் ஹை’ (எட்டு மைல் உயரம்) என்ற பாட்டைப் பதிவு செய்தது. அதைப் பற்றி நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கேட்ட வரிசையிலேயே இருக்கும், பெரிய ஒழுங்கை எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில், யார் இந்த பேர்ட்ஸ்?

1964-ல் லாஸ் ஏஞ்சலஸில் சேர்ந்த ஐந்து பேர். ஜிம் மெக்வின் (1967-ல் ரோஜர் என்று பெயரை மாற்றிக்கொண்டார், இன்றைக்கு அந்தப் பெயரில்தான் எல்லோருக்கும் தெரியும்), ஜீன் கிளார்க், டேவிட் கிராஸ்பி, கிறிஸ் ஹில்மேன், மைக்கேல் கிளார்க். ஜீனும் மைக்கேலும் உறவினர்கள் இல்லை. தமிழில் எழுதும்போது பெயர் ஒரே மாதிரி விழுகிறது, அவ்வளவுதான்.

முதல் மூவரும் ஃபோக் பாடகர்கள். காபி கடைகளில் கிட்டாரோடு உட்கார்ந்து பழைய நாட்டுப்பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தவர்கள். மெக்வின் சிகாகோவில் ஒரு ஃபோக் இசைப் பள்ளியில் பாஞ்சோவும் கிட்டாரும் முறையாகக் கற்றவர். ஹில்மேன் புளூகிராஸ் (அமெரிக்க மலைநாட்டு இசை) மாண்டலின் வாசித்தவர், குழுவில் சேரும் வரை பேஸ் கிட்டாரைத் தொட்டதே இல்லை. மைக்கேல் கிளார்க்கை டிரம்ஸுக்கு எடுத்தபோது அவரிடம் டிரம்ஸே கிடையாது, கொஞ்ச நாள் அட்டைப் பெட்டிகளைத் தட்டித்தான் பயிற்சி நடந்தது. ஆள் பார்க்க நன்றாக இருந்தார் என்பதும் அவரை எடுத்ததற்கு ஒரு காரணம்.

அந்த மணி அடிக்கிற மாதிரி கிட்டார் ஒலி எப்படி வந்தது?

பீட்டில்ஸின் முதல் படத்தில் ஜார்ஜ் ஹாரிசன் கையில் பன்னிரண்டு தந்தி ரிக்கன்பேக்கர் கிட்டாரைப் பார்த்துவிட்டு மெக்வின் போய் ஒன்று வாங்கினார். பன்னிரண்டு தந்தி என்றால் ஆறு ஜோடி. கீழ்ச் சுருதியில் உள்ள நான்கு ஜோடிகளில் ஒரு தந்தி இன்னொன்றுக்கு ஒரு ஸ்தாயி மேலே, மீதி இரண்டு ஜோடிகளும் ஒரே சுருதி. இதை மற்றவர்கள் பிளெக்டிரத்தால் (தந்தி மீட்டும் சின்னத் தகடு) ‘ஜங் ஜங்’ என்று அடித்தார்கள். மெக்வின் பாஞ்சோ பழக்கத்தில், பிளெக்டிரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, நடுவிரலிலும் மோதிர விரலிலும் உலோக நகங்களை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தந்தியாக உருட்டி வாசித்தார்.

இதோடு கொலம்பியா ஸ்டுடியோவின் பங்கும் உண்டு. அங்கிருந்த இன்ஜினியர் ரே கெர்ஹார்ட்டுக்கு ராக் சத்தத்தில் தன் கருவிகள் பழுதாகிவிடுமோ என்ற பயம், அதனால் எல்லாவற்றுக்கும் கம்ப்ரஸரைப் போட்டு ஒலியை அமுக்கினார். அமுக்கினால் என்ன ஆகும்? மீட்டிய உடன் எழும் பெரிய ஒலி அடங்கும், பின்னால் தேயும் ஒலி மேலே தூக்கப்படும். சட்டென்று செத்துப்போகும் கிட்டார் ஸ்வரம் சில விநாடிகள் இழுத்து நிற்கும். இந்த இழுப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இது இல்லாமல் கதையே நகராது.

இரண்டு முறை அமெரிக்காவில் முதல் இடம் பிடித்தவர்கள் ஏன் பாதையை மாற்ற வேண்டும்?

1965 ஜூனில் டிலனின் ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ பாட்டை மின்சாரக் கிட்டாரோடு பாடி முதல் இடம். டிசம்பரில் பைபிளின் பிரசங்கி நூல் வரிகளுக்கு பீட் சீகர் இசையமைத்த பாட்டைப் பாடி மறுபடியும் முதல் இடம். பத்திரிகைகள் ‘ஃபோக் ராக்’ என்று ஒரு முத்திரை குத்தின, உடனே ஊரெல்லாம் ஃபோக் ராக் குழுக்கள் முளைத்தன.

நான் நினைப்பது, இவர்களுக்கு இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஒன்று, அடுத்தவர் பாட்டைப் பாடித்தான் பிழைக்கிறார்கள் என்ற பேச்சு. அதைவிட, அந்த முதல் ஹிட்டில் மெக்வினைத் தவிர யாரும் வாத்தியம் வாசிக்கவில்லை என்ற உண்மை. தயாரிப்பாளர் டெர்ரி மெல்ச்சர், ஹால் பிளெய்ன் போன்ற கூலி வாத்தியக்காரர்களை வைத்துப் பதிவை முடித்துவிட்டார், கிராஸ்பியும் ஜீன் கிளார்க்கும் பாடியதோடு சரி. மேடையில் வாசிக்கத் தெரியாத குழு என்ற பெயர் சீக்கிரமே ஒட்டிக்கொண்டது. 1965 ஆகஸ்டில் இங்கிலாந்து போனபோது ‘பீட்டில்ஸுக்கு அமெரிக்காவின் பதில்’ என்று விளம்பரம் செய்து கூட்டிப்போனார்கள், கச்சேரிகள் சோபிக்கவில்லை, ஆங்கிலப் பத்திரிகைகள் நன்றாகவே வறுத்தெடுத்தன. அடி வாங்கித் திரும்பிய குழுதான் அடுத்த ஆறு மாதத்தில் பாய்ச்சல் காட்டியது.

ரவிசங்கர் இந்தக் கதைக்குள் எப்படி வந்தார்?

யோசித்தால் மிகச் சாதாரணமான வழியில்தான். குழுவின் மேலாளர் ஜிம் டிக்சனுக்கு லாஸ் ஏஞ்சலஸில் இருந்த வேர்ல்ட் பசிபிக் ஸ்டுடியோவில் செல்வாக்கு. இரவில் யாரும் இல்லாத நேரத்தில் அங்கேதான் பேர்ட்ஸ் ஒத்திகை பார்த்தார்கள். அந்த நிறுவனத்தின் ரிச்சர்ட் பாக்தான் அமெரிக்காவில் ரவிசங்கரின் இசைத்தட்டுகளை வெளியிட்டுக்கொண்டிருந்தவர். கிராஸ்பிக்கு அங்கே ரவிசங்கர் பித்துப் பிடித்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் ‘இதைக் கேட்டீர்களா’ என்று நச்சரிக்கும் ரகம் அவர்.

1965 ஆகஸ்ட் 24 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பெனடிக்ட் கேன்யனில் பீட்டில்ஸ் தங்கியிருந்த வீட்டுக்கு மெக்வினும் கிராஸ்பியும் போனார்கள். எல்.எஸ்.டி. என்ற போதை மருந்தைச் சாப்பிட்டுவிட்டுக் கிட்டாரோடு உட்கார்ந்து ரவிசங்கரைப் பற்றிப் பேசியதாக இருவருமே பிறகு சொல்லியிருக்கிறார்கள். ஹாரிசனுக்கு ரவிசங்கரின் பெயரை அழுத்திச் சொன்னவர்களில் கிராஸ்பியும் ஒருவர். அக்டோபரில் ஹாரிசன் ஒரு பீட்டில்ஸ் பாட்டில் சிதார் வாசித்துப் பதிவு செய்தார்.

கலிபோர்னியாவில் 1966 அக்டோபர் வரை எல்.எஸ்.டி.க்குச் சட்டத் தடை கிடையாது. இன்றைய கண்ணோடு அந்தக் காட்சியைப் பார்க்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கோல்ட்ரேன் எதற்கு? அவர் ஜாஸ் ஆயிற்றே?

அதேதான், இங்கேதான் விஷயமே இருக்கிறது. 1965 நவம்பரில் பேர்ட்ஸ் ஒரு கூட்டு இசைப் பயணத்தில் ஊர் ஊராகப் போனார்கள். அப்போது கேசட் ரெக்கார்டர் புது வரவு, மெக்வினிடம் ஒன்று இருந்தது. வண்டியில் ஓடிய கேசட்டில் ஒரு பக்கம் ரவிசங்கர், இன்னொரு பக்கம் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன். வேறு கேசட் கைவசம் அதிகம் இல்லை. அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டு மாதம் முழுக்கப் போனார்கள். கிட்டத்தட்ட குருகுலவாசம் மாதிரிதான், குரு மட்டும் கேசட்டுக்குள் இருந்தார்.

அந்தப் பக்கத்தில் கோல்ட்ரேனின் ‘இந்தியா’ என்ற உருப்படி இருந்தது. 1961 நவம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டில் கச்சேரி மேடையிலேயே பதிவானது, 1963-ல் வெளியான ‘இம்ப்ரெஷன்ஸ்’ தட்டில் வந்தது. கோல்ட்ரேனுக்கும் ரவிசங்கர் மேல் பெரிய மரியாதை. 1965 ஆகஸ்டில் பிறந்த மகனுக்கு ரவி என்றே பெயர் வைத்தார். ஆக, பேர்ட்ஸுக்கு இந்திய இசை இரண்டு வழியில் வந்து சேர்ந்தது: நேராக ஒன்று, ஜாஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு இன்னொன்று. என்னைக் கேட்டால் சுற்றி வந்ததுதான் அதிகம் வேலை செய்தது.

‘எய்ட் மைல்ஸ் ஹை’ யார் எழுதியது? எதைப் பற்றி?

பெயர் மூவருக்கும் இருக்கிறது, ஜீன் கிளார்க், மெக்வின், கிராஸ்பி. மெட்டும் பெரும்பாலான வரிகளும் ஜீனுடையவை. மெக்வின் விமானப் பயணக் கோணத்தையும் வாத்திய அமைப்பையும் கொண்டுவந்தார், கிராஸ்பியின் பங்கு லண்டன் மழையைப் பற்றிய ஒரு வரி என்று சொல்வார்கள்.

வெளிப்படையாகப் பார்த்தால் அந்த இங்கிலாந்துப் பயணம்தான் பாட்டு. விமானம் இறங்குகிறது, எல்லாமே விசித்திரமாக இருக்கிறது, சாம்பல் நிற மழை ஊர், ஒண்ட இடம் தேடும் கூட்டம், அன்பு காட்டாத முகங்கள். பயணிகள் விமானம் ஆறு, ஏழு மைல் உயரத்தில்தான் பறக்கும். எட்டு மைல் என்றால் 42,000 அடிக்கு மேல். பிறகு ஏன் எட்டு? பாட்டில் ஆறைவிட எட்டு நன்றாக விழுகிறது என்பதுதான் பதில். பீட்டில்ஸ் பாட்டு ஒன்றின் தலைப்பில் எட்டு இருந்ததும் மனதில் இருந்திருக்கிறது.

சும்மா சொல்லாதீர்கள், இது போதைப் பாட்டுதானே?

இரண்டும்தான். வெளியான சமயத்தில் ‘இல்லவே இல்லை, விமானம் மட்டும்தான்’ என்று குழு சாதித்தது, வேறு வழியும் இல்லை. வருஷங்கள் கழித்து கிராஸ்பி மறைக்கவில்லை, ஜீன் கிளார்க்கும் இது பல விஷயங்களைப் பற்றியது, அதில் அதுவும் ஒன்று என்ற அளவுக்கு ஒப்புக்கொண்டார்.

ஆனால் ‘மருந்து போட்டார்கள், பாட்டு வந்தது’ என்று முடித்துவிடுவது எனக்குப் பிடிக்காது. அந்த ஊரில் அந்த வருஷம் அதைப் போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள், இந்தப் பாட்டு ஐந்து பேரிடமிருந்துதான் வந்தது. இவர்கள் செய்தது ஃபோக் பாடகன் காலங்காலமாகச் செய்கிற வேலை. புது ஊர்ப் பாட்டு ஒன்றைக் கேட்கிறான், எழுதி வைத்துக்கொள்ளாமல் காதாலேயே பிடிக்கிறான், தன் கையில் இருக்கிற வாத்தியத்தில் அதை வாசிக்க வழி தேடுகிறான். மலைநாட்டுப் பாட்டுக்குப் பதில் இந்த முறை கேசட்டில் கோல்ட்ரேன் இருந்தார்.

பாட்டில் குறிப்பாக எதைக் கேட்க வேண்டும்?

ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் பேஸ் மட்டும் தனியாக வரும், ஹில்மேன், ஈ மைனரில் ஒரு சின்ன வட்டமாகச் சுற்றுகிறார், பதற்றமான நடை. அதன்மேல் டிரம்ஸ், பிறகு கிராஸ்பியின் கிட்டார் வெட்டி வெட்டி விழுகிறது. எங்கே ஆரம்பம், எங்கே தாளத்தின் முதல் அடி என்று பிடிபடுவதற்குள் மெக்வின் நுழைந்துவிடுவார்.

அவர் நுழையும்போது வாசிக்கும் நான்கு ஸ்வரங்களை நன்றாகக் கவனியுங்கள். அவை கோல்ட்ரேனின் ‘இந்தியா’விலிருந்து நேராக எடுத்தவை. ஒளிவுமறைவே கிடையாது, மெக்வின் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். அந்த நான்கைச் சொல்லிவிட்டு அதை உடைக்கத் தொடங்குகிறார். ஸ்வரங்கள் கொத்துக் கொத்தாகக் கொட்டுகின்றன, தாளத்தில் உட்கார மறுக்கின்றன, ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு நடுவில் இன்னொன்றுக்குத் தாவுகிற ஆள் பேசுவதுபோல. கிட்டாரில் அன்றைக்கு யாரும் இப்படி வாசிக்கவில்லை, காரணம் அது கிட்டார் வாசிப்பே இல்லை, சாக்ஸஃபோனைக் கிட்டாரில் வாசிப்பது. ஊதுகிறவன் மூச்சு முட்டும் வரை ஒரு ஸ்வரத்தைப் பிடிப்பான், நடுவில் சாவிகள் படபடக்கும். தந்தி வாத்தியத்தில் அந்தப் பிடிப்பு கிடையாது, மீட்டிய கணமே ஒலி சாகத் தொடங்குகிறது. இங்கேதான் கம்ப்ரஸர் கைகொடுக்கிறது. முதல் ஹிட்டில் இனிமைக்காக உதவிய அதே இழுப்பு இங்கே மூச்சாக மாறுகிறது. கருவி அதே, விரலும் அதே, உலோக நகங்களும் அதே. ஒரு வருஷத்துக்குள் இந்த மாற்றம்.

பிறகு பாட்டு தொடங்குகிறது. ஆச்சரியம், பாடும் பகுதி அமைதியாக இருக்கிறது. கிளார்க், மெக்வின், கிராஸ்பி மூவரும் சேர்ந்து பாடும் அந்தக் குரல் கோவையில் பழைய ஃபோக் ஒழுங்கு அப்படியே இருக்கிறது. மேலே சுத்தமான குரல்கள், நடுவிலும் கடைசியிலும் வெறிபிடித்த கிட்டார். இந்த இரண்டும் ஒன்றையொன்று சமாதானப்படுத்திக்கொள்ளாமல் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதுதான் மூன்றரை நிமிஷத்தை இவ்வளவு பெரிதாகக் காட்டுகிறது. பின்னால் வந்த பல சைகடெலிக் (போதை அனுபவத்தை ஒலியில் காட்ட முயலும் பாணி) குழுக்கள் குரலையும் எதிரொலியில் ஊறப்போட்டு எல்லாவற்றையும் கூழாக்கிவிட்டார்கள்.

இரண்டு முறை பதிவு செய்ததாகச் சொல்கிறார்களே?

ஆமாம். முதலில் 1965 டிசம்பர் 22-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஆர்.சி.ஏ. ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள், இன்ஜினியர் அல் ஷ்மிட். இவர்கள் ஒப்பந்தமோ கொலம்பியாவுடன். ‘எங்கள் ஸ்டுடியோவில் பதிவானதைத்தான் வெளியிடுவோம்’ என்று நிறுவனம் கறாராகச் சொல்லிவிட்டது. 1966 ஜனவரி கடைசியில் கொலம்பியாவிலேயே மறுபடி வாசித்தார்கள், அதுதான் மார்ச் 14-ல் சிங்கிளாக (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டு) வந்தது.

மெக்வினுக்கும் கிராஸ்பிக்கும் முதல் பதிவுதான் பிடித்திருந்தது. துணிச்சல் அதில் அதிகம் என்றார்கள். நான் இரண்டாவதின் கட்சி. முதலாவது கொஞ்சம் தடுமாறுகிறது, அது ஒரு அழகு, ஆனால் இரண்டாவதில் மெக்வினின் வாசிப்பு இன்னும் கூர். இந்தப் பாட்டு இடம்பெற்ற ‘ஃபிஃப்த் டைமென்ஷன்’ ஆல்பத்தின் 1996 மறுவெளியீட்டில் இரண்டும் இருக்கின்றன, நீங்களே கேட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

சிதார் வாசித்தது யார்?

யாரும் இல்லை! இதுதான் மிகப் பெரிய குழப்பம். பாட்டிலும் சிதார் இல்லை, சிங்கிளின் மறுபக்கத்தில் இருந்த ‘வொய்’ பாட்டிலும் சிதார் இல்லை. வெளியீட்டுச் சமயத்தில் நிருபர்களைக் கூப்பிட்டு ஒரு சந்திப்பு நடத்தினார்கள், அதில் சிதாரோடு உட்கார்ந்து போஸ் கொடுத்தார்கள். படம் பரவியது, கூடவே ‘ராக ராக்’ என்ற பெயரும் பரவியது, ஆளாளுக்கு சிதார் கேட்டதாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். விளம்பரம் என்பது காதையும் ஏமாற்றும்.

‘வொய்’ பாட்டின் நடுவில் சிதார் மாதிரியே ஒன்று வரும், உண்மைதான். அது மெக்வினின் ரிக்கன்பேக்கர். ஒரு சுருட்டுப் பெட்டிக்குள் வாக்கிடாக்கி ஸ்பீக்கரை வைத்துத் தயாரித்த சின்னப் பெட்டி ஒன்றின் வழியாக ஒலியை அனுப்பி அந்தக் கரகரப்பை வரவழைத்தார். கருவிகளை நோண்டுவதில் அவருக்கு எப்போதுமே ஆசை.

சரி, அப்படியானால் எந்த ராகம்?

தமிழ் நண்பர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி. ராகம் என்று எதுவும் இல்லை. ஈ சுருதியை நிலையாக வைத்துக்கொண்டு அதன்மேல் உலாவுகிறார்கள், தம்பூரா இருக்க வேண்டிய இடத்தை பேஸ் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான் உறவு. சில இடங்களில் கரகரப்பிரியா எட்டிப் பார்க்கிற மாதிரி தோன்றும். அடுத்த கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) தைவதம் மாறிவிடும், போயிற்று. ஆரோகண அவரோகணம் கிடையாது, கமகம் கிடையாது, தாளச் சுற்று கிடையாது. ராகம் கண்டுபிடிக்கிற உற்சாகத்தில் இதைக் கேட்டால் ஏமாற்றம்தான். ரவிசங்கரிடமிருந்து இவர்கள் எடுத்துக்கொண்டது, ஒரே சுருதியில் நின்றுகொண்டும் நெடுநேரம் பேச முடியும் என்ற நம்பிக்கையை. மேற்கத்தியப் பாப் பாட்டில் மூன்று விநாடிக்கு ஒருமுறை கார்டு மாறியே ஆக வேண்டும் என்றிருந்த காலத்தில் அதுவே பெரிய விஷயம்.

இந்திய வாடையை ராக்கில் முதலில் கொண்டுவந்தது இவர்கள்தானா?

இல்லை. 1965-லேயே இங்கிலாந்தில் கிங்க்ஸ் குழு தம்பூரா போல ரீங்கரிக்கும் ஒரு சிங்கிள் வெளியிட்டுவிட்டது, பம்பாயில் மீனவர்கள் பாடிக்கொண்டு போனதைக் கேட்டு ரே டேவிஸுக்கு வந்த யோசனை அது. யார்ட்பேர்ட்ஸ் ஒரு பாட்டுக்கு சிதார்க் கலைஞரை வைத்துப் பதிவு செய்துபார்த்து, திருப்தி இல்லாமல், கடைசியில் ஜெஃப் பெக் கிட்டாரிலேயே அதை வாசித்தார். பிறகு பீட்டில்ஸ். இவர்கள் வாடையைக் கொண்டுவந்தார்கள். பேர்ட்ஸ் அந்த இசையின் போக்கை, நீண்டு விரியும் மனோதர்ம வாசிப்பை, மூன்றரை நிமிஷ சிங்கிளுக்குள் நுழைத்தார்கள். முதல் சைகடெலிக் ராக் பாட்டு எது என்று சண்டை வரும்போது இந்தப் பெயர் தவறாமல் வருவது அதனால்தான்.

வானொலியில் தடை செய்தார்களாமே?

1966 ஏப்ரல் கடைசியில், வானொலி நிலையங்கள் பார்த்து நடக்கும் பில் கேவின் அறிக்கை, இது போதையைக் குறிப்பிடும் பாட்டு, ஒலிபரப்ப வேண்டாம் என்றது. பல நிலையங்கள் நிறுத்தின. பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 14-ம் இடத்தோடு நின்றது, பிரிட்டனில் 24.

தடைதான் கொன்றது என்று சொல்வது வழக்கம். எனக்கு முழு நம்பிக்கை இல்லை. 1966 வசந்த காலத்தில் காரில் போகிறவன் இதைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பான்? கூடப் பாட முடியாத, தாளம் போட முடியாத கிட்டார். தடை இல்லாவிட்டாலும் முதல் இடம் கிடைத்திருக்காது என்பது என் அபிப்பிராயம். போதாக்குறைக்கு அந்தப் பாட்டை எழுதியவரே அப்போது குழுவில் இல்லை.

ஜீன் கிளார்க்குக்கு என்ன ஆயிற்று?

பாட்டு வெளிவரும் நேரத்தில், நியூயார்க் கிளம்ப வேண்டிய விமானத்தில் ஏறியவர் பயத்தில் நடுங்கி இறங்கிவிட்டார். பறக்க முடியாவிட்டால் நீ பேர்டாக இருக்க முடியாது என்று மெக்வின் சொன்னதாகக் கதை. விமானப் பயணத்தைப் பற்றிய பாட்டை எழுதியவர் விமான பயத்தால் வெளியேறினார் என்றால் கதை எழுதுகிறவன்கூட வைக்கத் தயங்குவான்.

ஆனால் பயம் மட்டும் இல்லை. பாடல்களை எழுதியதால் அவருக்கு ராயல்டி கூடுதலாக வந்தது, மற்றவர்கள் பார்க்கும் பார்வை மாறியது. கிராஸ்பியின் கேலி வேறு. மேடையில் அவர் கையிலிருந்த கிட்டார் கிராஸ்பியிடம் போய், ஒரு டாம்பரினோடு நின்றார். நல்ல குரல், எழுத்து, உருவம் எல்லாம் இருந்தும் கடைசி வரை அவருக்கு வாய்க்கவில்லை. 1991 ஜனவரியில் ராக் ஹால் ஆஃப் ஃபேமில் ஐவரும் ஒன்றாக மேடை ஏறினார்கள், அதே மே மாதம் ஜீன் இறந்துபோனார்.

‘ஃபிஃப்த் டைமென்ஷன்’ ஆல்பம் முழுக்க இப்படித்தான் இருக்குமா?

இல்லை, அதுதான் வருத்தம். 1966 ஜூலையில் வந்தது. டிலன் பாட்டு ஒன்றுகூட இல்லாத அவர்களது முதல் ஆல்பம். ஜீன் போன பள்ளம் அப்படியே தெரிகிறது. தலைப்புப் பாட்டை மெக்வின் ஐன்ஸ்டீன் சார்பியலை நினைத்து எழுதினார், வால்ட்ஸ் நடை, வேன் டைக் பார்க்ஸின் ஆர்கன், அருமை. வானொலிக்காரர்கள் அதையும் போதைக் கணக்கில் எழுதினார்கள். ‘மிஸ்டர் ஸ்பேஸ்மேன்’ வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றி ஒரு கிராமியக் கும்மாளம். மெக்வினும் கிராஸ்பியும் சேர்ந்து எழுதிய ‘ஐ சீ யூ’ இன்னொரு கோல்ட்ரேன் சாயல். ஹிரோஷிமாவில் இறந்த குழந்தை பேசும் துருக்கிக் கவிஞர் நாஜிம் ஹிக்மெத்தின் கவிதைக்கும் இடம் இருக்கிறது, அதை மெக்வின் எந்த நாடகமும் இல்லாமல் பாடுவார், எனக்கு இன்றைக்கும் சட்டென்று கேட்க முடியாத பாட்டு.

மீதி? வயலின்கள் சேர்த்த இரண்டு பழைய நாட்டுப்பாடல்கள் நன்றாகவே இருக்கும். ‘ஹே ஜோ’ அவசரத்தில் ஓடுகிறது. ஒரு வெறும் வாத்திய உருப்படி இடத்தை அடைக்கிறது. கடைசியில் லியர் ஜெட் விமான இரைச்சலோடு ஒரு பாட்டு, ஒருமுறை கேட்டால் போதும். பாதி ஆல்பம் எதிர்காலத்தில் இருக்கிறது, பாதி என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது.

பிறகு சைகடெலிக்கை விட்டுவிட்டார்களா?

இன்னும் இரண்டு ஆல்பங்கள் போனது. 1967 பிப்ரவரியில் ‘யங்கர் தேன் யெஸ்டர்டே’. ராக் நட்சத்திரமாவது எப்படி என்று கேலி செய்யும் அதன் முதல் பாட்டில் தென்னாப்பிரிக்காவின் ஹியூ மசெகேலா டிரம்பெட் ஊதினார், பின்னால் கேட்கும் ரசிகைகளின் அலறல் 1965 இங்கிலாந்துப் பயணத்தில் பதிவானது. அதில் ‘மைண்ட் கார்டன்ஸ்’ என்று கிராஸ்பியின் ஒரு உருப்படி, கிட்டார்ப் பதிவைத் தலைகீழாக ஓடவிட்டு மேலே வசனம் மாதிரி பாடுவார். பொறுமை உள்ளவர்களுக்கு.

1968 ஜனவரியில் ‘தி நொட்டோரியஸ் பேர்ட் பிரதர்ஸ்’. பதிவு நடக்கும்போதே கிராஸ்பியை வெளியேற்றினார்கள், மைக்கேல் கிளார்க்கும் கிளம்பினார், ஜீன் மூன்று வாரம் வந்துவிட்டுப் போனார். குழு உடைந்துகொண்டிருக்கும்போது எப்படி இவ்வளவு ஒழுங்கான தட்டு வந்தது என்பது எனக்குப் புதிர். மூக் சிந்தசைஸர், பெடல் ஸ்டீல் கிட்டார், துப்பாக்கிச் சத்தம், ஐந்தடித் தாளம் எல்லாம் ஒன்றோடொன்று தையல் தெரியாமல் ஓடுகின்றன. தயாரிப்பாளர் கேரி அஷருக்குப் பாதிப் புகழ் போக வேண்டும். அதே ஆகஸ்டில் வந்த அடுத்த ஆல்பத்தில் சுத்தமான கன்ட்ரி இசைக்குப் போய்விட்டார்கள், ரசிகர்கள் திகைத்தார்கள்.

அட்டைப்படத்தில் கிராஸ்பிக்குப் பதில் குதிரையா?

ஒரு கல்கட்டிடத்தின் ஜன்னல்களில் மூன்று பேர், நான்காவதில் குதிரை. கிராஸ்பி அதைத் தன்னைக் கிண்டல் செய்ததாகவே எடுத்துக்கொண்டார். மெக்வின் மறுத்தார், அப்படி நினைத்திருந்தால் குதிரையைத் திருப்பி நிற்க வைத்திருப்போம் என்றாராம்.

ரவிசங்கர் இதையெல்லாம் எப்படிப் பார்த்தார்?

இளைஞர்கள் வந்து கேட்பது சந்தோஷம், போதையோடு சேர்த்துக் கேட்பது பிடிக்கவே இல்லை. பல வருஷம் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். 1967 ஜூனில் மான்டரே பாப் விழாவில் அவருக்கு ஞாயிறு மதியம் தனியாக ஒதுக்கப்பட்டிருந்தது, அல்லா ரக்கா தபேலா, சுமார் மூன்று மணி நேரம். புகை பிடிக்காமல் கேளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். முந்தின இரவு அதே மேடையில் பேர்ட்ஸ் வாசித்தார்கள், பாட்டுகளுக்கு நடுவே கிராஸ்பி எல்.எஸ்.டி.யைப் புகழ்ந்தும் கென்னடி கொலையைப் பற்றியும் பேசிக்கொண்டே போனார், மெக்வினின் முகம் கடுகடுவென்று இருந்தது. ஒரே வார இறுதியில், ஒரே மேடையில், இவ்வளவு தூரம்.

எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது?

முதல் ஹிட், அப்புறம் கோல்ட்ரேனின் ‘இந்தியா’ முழுசாக (14 நிமிஷம், அவசரப்படாதீர்கள்), உடனே ‘எய்ட் மைல்ஸ் ஹை’. இந்த வரிசையில் கேட்டால் நான் மேலே எழுதியதில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். பிறகு ‘வொய்’, அதிலும் சிங்கிளில் வந்த வடிவம், 1967 ஆல்பத்தில் இருப்பது அடக்கி வாசித்தது. ஆல்பம் என்றால் ‘நொட்டோரியஸ்’தான் முதலில்.

இதெல்லாம் பிடித்துவிட்டால் 1970-ல் வந்த ‘அன்டைட்டில்டு’ இரட்டைத் தட்டுக்குப் போங்கள். அதற்குள் பழைய ஆட்களில் மெக்வின் மட்டும்தான் மிச்சம், கூடக் கிட்டார் கிளாரன்ஸ் ஒயிட். ஒரு பக்கம் முழுக்க இதே பாட்டு, கச்சேரிப் பதிவு, 16 நிமிஷம். பாடும் பகுதி கிட்டத்தட்ட முடியப்போகிற நேரத்தில்தான் வரும், அதுவரை வாத்தியம்தான், எனவே இவ்வளவு நேரம் ஆகியும் குரல் வரவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள்.